எரிமலை வெடித்ததில் மச்சானுக்கு வந்த வருத்தம்

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடல் தாண்டி ஒரு தீவில் எரிமலை வெடித்தது. மதியம் இரண்டு மணிக்கு அந்தச் செய்தி நான்கு பத்திகளாக அச்சுக்குத் தயாரானது. மூன்று மணிக்குத் திரும்பி வந்தது. அதன் நெற்றியில், மை காயாமல், ‘நமக்கென்ன?’ என்று சிவப்பு முத்திரை குத்தியிருந்தது.

எழுதியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துப் பிழைக்காக அவர் தாள் திரும்பி வந்ததுண்டு. ஒருமுறை ஒரு நாட்டின் அதிபரை அடுத்த நாட்டுக்கு மாற்றி எழுதிவிட்டதற்காகவும் வந்ததுண்டு. எரிமலை வெடித்ததற்கு விளக்கம் கேட்டு வந்தது இதுவே முதல் தடவை.

அந்தப் பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை இருபத்திரண்டு வருடமாக அவர் ஒருவரே பார்த்துவந்தார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு ‘உலகம்’ என்றே பெயர். “உலகம் இன்னும் வரலையா?” என்பார்கள். “உலகத்துக்கு இன்னிக்கு வயிறு சரியில்லையாம்” என்பார்கள். அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. எந்த நாட்டு அமைச்சர் எந்த நாட்டு அமைச்சருடன் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார் என்பதை விரல்நுனியில் வைத்திருந்தார்; தன் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை மட்டும் வாரத்தில் இரண்டு நாள் தவறவிட்டார்.

தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனார். ஆசிரியர் ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. கஷ்டமான கேள்வி எதுவும் வந்தால் மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே பார்ப்பது அவர் வழக்கம். இப்போதும் திறந்து பார்த்தார். பிறகு, மேலே புதிதாக ஒருவர் வந்திருப்பதாகவும், நாலு மணிக்குக் கூட்டம் என்றும், இந்த முத்திரையைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்றும், அது நல்ல முத்திரை என்றும் சொன்னார்.

புதிதாக வந்தவர் வாசக நெருக்கத் துறையின் இயக்குநர். நல்ல உயரம், பளபளவென்ற முகம். எல்லோரையும் எழுந்து நின்று பக்கத்தில் இருப்பவரை ஒரு அடி நெருங்கி நிற்கச் சொன்னார். நெருங்கி நின்றார்கள்.

“இப்ப உணர்ந்தீங்களே, அதான் என் துறை” என்று ஆரம்பித்தார். “நான் இதுக்கு முந்தி தலையணை கம்பெனில இருந்தேன். தலையணை வாங்க வர்றவர் பஞ்சு எங்க விளைஞ்சதுன்னு கேக்குறாரா? தன் கழுத்தைப் பத்திதான் கேக்குறாரு. செய்தியும் அப்படித்தான். வாசகரோட கழுத்து எங்க இருக்குன்னு பாருங்க. நான் இன்னிவரைக்கும் ஒரு செய்தியைக்கூட முழுசா படிச்சதில்ல. அதான் என்னோட தகுதி. வாசகரும் படிக்கிறதில்ல. நானும் அவரும் ஒரே கட்சி.”

ஆசிரியர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். ரொம்ப நெருங்கி நின்றதால் சிலருக்குக் கையை அகலமாக விரிக்க முடியவில்லை.

பிறகு இயக்குநர் செய்திகளுக்கான மதிப்பெண் பட்டியலைச் சுவரில் காட்டினார். நம் தெருவில் பூனை மரத்தில் மாட்டிக்கொண்டால் பத்து. பக்கத்து ஊரில் பாலம் விழுந்தால் ஆறு. கடல் தாண்டிவிட்டால் எது விழுந்தாலும் ஒன்று. ஐந்துக்குக் கீழே வாங்கிய செய்தி அச்சேறாது.

இரண்டு நாடுகளுக்கு நடுவே போர் வந்தால் என்ன செய்வது என்று உலகம் கேட்டார்.

“அதுல யாருக்காவது நம்ம ஊர்ல சித்தப்பா இருக்காரா?” என்று இயக்குநர் திருப்பிக் கேட்டார். “இருந்தா போர். இல்லேன்னா சத்தம்.”

வெளிநாட்டுச் செய்தி ஒவ்வொன்றுக்கும் இனி ஒரு படிவம் இணைக்க வேண்டும் என்று தீர்மானமானது. முதல் கேள்வி: இதனால் நம் ஊரில் யாருக்கு என்ன ஆயிற்று? இரண்டாவது: எதுவும் ஆகவில்லை என்றால், ஏன் ஆகவில்லை? மூன்றாவது, பாதிக்கப்பட்டவரின் படம். முகம் கவலையாக இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் ஒரு செய்திகூடத் தேறாவிட்டால் பக்கம் மூடப்படும்.

“பக்கத்தைத்தான் மூடுவோம். உங்களை மூட மாட்டோம்” என்று உலகத்தின் தோளில் தட்டினார் இயக்குநர். “வேற எங்கயாவது வெச்சுக்குவோம்.”

உலகம் படிவத்தோடு தெருவில் இறங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் செய்திக்காக அவர் தெருவில் இறங்கியது அன்றுதான். முதலில் சலவைக்கடை. தொலைதூரத்தில் எரிமலை வெடித்திருக்கிறது, துணிகளில் சாம்பல் ஏதாவது தென்பட்டதா என்று கேட்டார். சலவைக்கடைக்காரர் முகம் சிவந்து, எந்தச் சட்டை, யார் சொன்னது, கூட்டிவாருங்கள் என்று இஸ்திரிப் பெட்டியோடு வெளியே வந்தார். அவரைச் சமாதானப்படுத்தவே கால் மணி நேரம் ஆனது.

அடுத்தது மருந்துக்கடை. அதை நடத்திய அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றி வைத்திருப்பார். எரிமலை என்றதும் கையிலிருந்த அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தார். அங்கே ஆட்கள் தப்பித்தார்களா, எங்கே தங்கவைத்திருக்கிறார்கள், மருந்து போய்ச் சேர்ந்ததா என்று வரிசையாகக் கேட்டார். உலகத்துக்கு உற்சாகம் பிறந்தது. தெரிந்ததையெல்லாம் சொன்னார். வரைபடம்கூட வரைந்து காட்டினார். கடைசியில் பேனாவைத் திறந்து, இதனால் தங்களுக்கு என்ன பாதிப்பு என்று கேட்டார்.

“எனக்கென்ன பாதிப்பு? சும்மா கேட்டேன்” என்றார் மருந்துக்கடை அம்மா.

படிவத்தில் ‘சும்மா கேட்டேன்’ என்பதற்குக் கட்டம் இல்லை.

மருந்துக்கடைக்கு நேர் எதிரே மச்சானின் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை. மச்சான் என்றால் உலகத்தின் மனைவிக்கு அண்ணன். நாற்பத்தொரு வயது, தனிக்கட்டை. மச்சானுக்குப் பிறவியிலேயே துக்கம் விசாரிக்க வந்தவர் முகம். கல்யாணப் படங்களில்கூட யாரோ போய்விட்ட மாதிரி நிற்பார். ஆனால் உள்ளுக்குள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

உலகம் களைத்துப் போய் அங்கே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். மச்சான் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியோடு நிமிர்ந்தார்.

“அந்தத் தீவா? சின்ன வயசுல அந்த நாட்டு ஸ்டாம்ப் ஒண்ணு வெச்சிருந்தேன், மாப்பிள்ளை. எங்கயோ தொலைஞ்சு போச்சு.”

மறுநாள் பத்திரிகையில் மூன்று பத்தி அகலத்துக்கு மச்சானின் முகம். ‘தீவைத் தொலைத்த கடிகாரக்காரர் கலக்கம்’ என்று தலைப்பு. அவர் பள்ளியில் படித்தது, ஸ்டாம்ப் சேர்த்தது, அது தொலைந்த அன்று அழுதது எல்லாம் விவரமாக வந்திருந்தன. கடைசி வரி: ‘முன்னதாக அத்தீவில் எரிமலை வெடித்தது.’

இயக்குநர் ஒன்பது மதிப்பெண் போட்டார். உலகத்தைக் கூப்பிட்டு, “என்ன முகம் சார் இது. துக்கத்துக்குன்னே அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு. இவரை விடாதீங்க” என்றார்.

உலகம் விடத்தான் நினைத்தார். செவ்வாய்க்கிழமை வேறு ஐந்து பேரைப் பிடித்துப் பார்த்தார். ஒருவர் படம் எடுக்கும்போது சிரித்துவிட்டார். ஒருவர் உலகத்தில் நடப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் வேறு வழியில்லாமல் மச்சானிடமே போய் நின்றார். ஒரு நாட்டில் நாடாளுமன்றம் கலைந்திருந்தது. மச்சான் என்றோ ஒருமுறை கடைக்காரர் சங்கத் தேர்தலில் தோற்றிருந்தார். ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகப் போனது. குளிர்சாதனப் பெட்டிகள் ஏற்றிய கப்பல் தரைதட்டியது. மச்சான் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வினோதமான சத்தம். ஒரு மகாராணி குதிரையிலிருந்து விழுந்தார். மச்சானுக்கும் இடுப்புப் பிடிப்பு. பனிப்பிரதேசத்தில் பனி விழவில்லை. மச்சான் தன் கம்பளிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தார். ஒரே மாதத்தில் இருபத்தாறு நாடுகளுக்காக வருத்தப்பட்டுவிட்டார்.

இயக்குநர் அவருக்கு ‘நிரந்தரப் பாதிப்பாளர்’ என்று அடையாள அட்டை கொடுத்தார். அதன் பின்பக்கம் நிபந்தனைகள் இருந்தன. பொது இடத்தில் சிரிக்கக் கூடாது. பேரிடர் நாட்களில் புதுச்சட்டை போடக் கூடாது. வெளியூர் போவதென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் ஊரில் இல்லாத நாட்களில் உலகத்தில் எதுவும் நடக்காது.

மச்சான் மறுப்பு சொல்லத் தெரியாதவர். தங்கை புருஷனின் வேலை போய்விடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கொண்டுவந்த கடிகாரத்தைக் கொடுக்காமலே திரும்பிப் போனார்கள். பஸ்ஸில் கர்ப்பிணிப் பெண் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தாள். சலவைக்கடைக்காரர் தினமும் காலையில், “இன்னிக்கு எந்த நாடுங்க?” என்று பக்குவமாக விசாரித்தார்.

ஒருநாள் வீட்டில், உலகம் சட்டையைக் கழற்றுவதற்குள் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“எங்க அண்ணன் மூணு வருஷமா அந்த மருந்துக்கடை அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு இருக்காரு. உங்களுக்குத் தெரியுமா அது?”

உலகத்துக்குத் தெரியாது. கண்டம் விட்டுக் கண்டம் யார் யாருடன் உறவு வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தெரியாது.

“போன மாசம்தான் தைரியம் வந்து சட்டையெல்லாம் எடுத்து வெச்சாரு. அதுக்குள்ள நீங்க அவரைப் பேப்பர்ல போட்டு அழவெச்சுட்டீங்க. இன்னிக்கு அந்த அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? பாவம்னு நரம்புத் தளர்ச்சி டானிக் குடுத்து விட்டிருக்காங்க. பெரிய பாட்டில்.”

உலகம் மறுநாள் காலை இயக்குநரிடம் போய், மச்சானை விடுவிக்கும்படி கேட்டார். அவர் இயல்பில் சந்தோஷமான மனிதர் என்றும் சொல்லிப் பார்த்தார்.

இயக்குநர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். “ஒரு மனுஷன் சந்தோஷமா இருக்கிறதுல வாசகருக்கு என்ன தொடர்பு சார்? யோசிச்சுப் பாருங்க. அவரு அழுதா அது வெளிநாட்டுச் செய்தி. அவரு சிரிச்சா அது அவரு குடும்ப விஷயம்.”

அதற்குள் அவர் மேசைக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. எரிமலைத் தீவின் பத்திரிகையிலிருந்து. தங்கள் நாட்டுக்காகக் கண்ணீர் விட்ட கடிகாரக்காரரை நேரில் காண ஒரு நிருபரை அனுப்புவதாக எழுதியிருந்தார்கள். இயக்குநர் கடிதத்தின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு விழாவுக்கு ஏற்பாடு செய்தார்.

வந்த நிருபர் குட்டையான, வயதான மனிதர். வெயிலிலும் ஒரு குடையை அக்குளில் வைத்திருந்தார். மொழிபெயர்ப்பு உலகத்தின் பொறுப்பு. அவருக்கு வேற்று மொழியைப் படித்துத்தான் பழக்கம், பேசிப் பழக்கமில்லை. அதனால் விருந்தாளியைப் பார்த்து, “தங்கள் பயணம் சுமுகமாக நடைபெற்றதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றனவா?” என்று கேட்டார். நிருபர் கொஞ்சம் யோசித்து, அதை உறுதிப்படுத்தினார்.

மேடைக்குப் போகும் முன் நிருபர் உலகத்திடம் தன் கதையைச் சொன்னார். அவர்கள் பத்திரிகையிலும் ஒரு துறை ஆரம்பித்திருக்கிறார்களாம். உள்ளூர்ச் செய்தி என்றால் வெளிநாட்டில் யாராவது அதைக் கவனித்திருக்க வேண்டுமாம். எரிமலை வெடித்த அன்று அலுவலகக் கூரையிலேயே சாம்பல் விழுந்தும் செய்தி போட விடவில்லை. உங்கள் ஆள் அழுத படம் வந்த பிறகுதான் எங்கள் ஊர் எரிமலையை எங்கள் பேப்பரில் போட்டார்கள், அதுவும் கடைசி வரியில் என்றார். உலகம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கூடம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் மனைவி, அவளுக்குப் பின்னால் மருந்துக்கடை அம்மா. மேடையில் மச்சான் பழைய சட்டையில் உட்கார்ந்திருந்தார். அருகில், பேச்சில் நெருக்கம் குறைந்தால் அடிப்பதற்கென்று ஒரு மணியோடு இயக்குநர்.

நிருபரைப் பேச அழைத்த இயக்குநர், “எரிமலை வேண்டாம். நம்ம ஆளைப் பத்தி மட்டும் பேசச் சொல்லுங்க” என்று உலகத்தின் காதில் சொன்னார். உலகம் அதையும் மொழிபெயர்த்தார். ஆனால் நிருபர் ஒரு மாதமாக அந்தக் கதையை யாரிடமும் சொல்ல முடியாமல் வயிற்றில் கட்டிக்கொண்டு இருந்தவர். வாய் திறந்ததும் அதுதான் வந்தது.

மலைச்சரிவில் ஒரு பள்ளிக்கூடம். மொத்தம் அறுபத்து மூன்று பிள்ளைகள். வாத்தியாரம்மா வேறு எதுவும் கிடைக்காமல் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, எல்லோரும் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், விடுகிறவர்கள் தோற்றுப்போனவர்கள் என்றாராம். புகைக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறார்கள். கடற்கரைக்கு வந்து எண்ணிப் பார்த்தால் அறுபத்து நாலு.

இயக்குநர் மணியை அடித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மருந்துக்கடை அம்மா எழுந்து நின்றார். “அந்த அறுபத்து நாலாவது யாரு?”

உலகம் கேட்டுச் சொன்னார். பக்கத்து ஊர் தபால்காரராம். ஐம்பத்தைந்து வயது. புகையில் கண் தெரியாமல் தடவிக்கொண்டு வந்தவர் கையில் கயிறு தட்டுப்பட்டதாம், பிடித்துக்கொண்டாராம். வாத்தியாரம்மா எண்ணும்போது குனிந்து கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாராம். விட்டால் தோற்றுப்போவோமே என்று பயமாக இருந்ததாம்.

மச்சான் சிரித்துவிட்டார். சாதாரணச் சிரிப்பு இல்லை. நாற்பத்தொரு வருடமாக உள்ளே பாடிக்கொண்டிருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்த மாதிரி இருந்தது. நாற்காலி ஆடியது. கூடமும் சேர்ந்துகொண்டது. நிருபரும், யாரும் மொழிபெயர்க்காமலே, குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

இயக்குநர் மேடையிலேயே மச்சானின் அட்டையைப் பறிமுதல் செய்தார். நிபந்தனை ஒன்று மீறப்பட்டதாகக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

வெளியே வாசலில் மருந்துக்கடை அம்மா மச்சானை நிறுத்தினார்.

“உங்களுக்குச் சிரிக்க வருமா?”

“எப்பவும் வரும்ங்க” என்றார் மச்சான். “முகத்துக்குத்தான் தெரியாது.” பிறகு, மூன்று வருடமாகச் சொல்ல நினைத்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்து, டானிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார். தானே வந்து வாங்கிக்கொள்வதாக அந்த அம்மா சொன்னார். மனைவி உலகத்தின் கையைப் பிடித்து வேகமாக அப்பால் இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை சுற்றறிக்கை வந்தது. விழாவில் எப்படியோ காதில் விழுந்த தீவுப் பத்திரிகையின் முறையை இயக்குநர் ரொம்பவும் மெச்சியிருந்தார். இனி உள்ளூர்ச் செய்தி எதுவானாலும் வெளிநாட்டார் கவனித்திருந்தால் மட்டுமே அச்சேறும். அலுவலக வாசலில் குடிநீர்க் குழாய் உடைந்து முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. எந்த நாடும் கவலை தெரிவிக்காததால் அந்தச் செய்தி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆசிரியர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, இழுப்பறையைத் திறந்து, உள்ளே பார்த்தார்.

மச்சான் இல்லாமல் மூன்று நாள் ஒரு செய்தியும் தேறவில்லை; வெளிநாட்டுப் பக்கம் மூடப்பட்டது. உலகத்தை வரி விளம்பரப் பிரிவில் வைத்தார்கள். ஒரு மேசை, ஒரு தொலைபேசி. வீடு வாடகைக்கு, பழைய கட்டில் விற்பனைக்கு, நாய்க்குட்டி காணவில்லை. இரண்டு நாள் அவர் அதையெல்லாம் சரிபார்த்தார்.

மூன்றாம் நாள், எங்கோ ஒரு நாட்டில் ஒரு ராஜா திடீரென்று முடி துறந்தார். உலகத்துக்குக் கை அரித்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். வரி விளம்பரத்துக்குப் படிவம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஒரு தாளை எடுத்து எழுதினார்: ‘அரண்மனை காலி. நானூறு அறைகள், பெரிய தோட்டம். குடியிருந்த அரசர் நேற்று மாலை காலி செய்துவிட்டார். விவரங்களுக்கு அழைக்கவும்.’

மறுநாள் ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குத் தொலைபேசி அடித்தது. ஒரு ஆண் குரல். தண்ணீர் வசதி எப்படி, பஸ் நிறுத்தம் பக்கமா என்று விசாரித்தது. தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனால் அரண்மனை இரண்டு கடல் தாண்டி இருக்கிறது என்று உலகம் உண்மையைச் சொல்லிவிட்டார்.

“சரி, வீடு கெடக்கட்டும் விடுங்க” என்றது குரல். “ராஜா ஏன் சார் காலி பண்ணாரு?”

உலகம் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

“அது அவங்க தாத்தா காலத்துல ஆரம்பிச்ச விவகாரம்ங்க” என்றார்.